பாதி இறக்கத்தில்

லாரியின் கதவைத் திறந்ததும் டிரைவரின் காலடியில் கிடக்கும் விரிப்பைச் சுருட்டி வெளியே வீசுவார். பிறகு உள்ளே ஏறி உட்காராமல், படியிலேயே மண்டியிட்டு, ஆக்ஸிலேட்டரைக் கையால் அழுத்தி விடுவார். முதலில் வேகமாக, அடுத்து மெதுவாக, அதற்கடுத்து விரல் நுனியால் மட்டும். மிதி முழுசாக மேலே வந்து நிற்கிறதா என்று பார்ப்பார். கீழே நிற்கும் டிரைவர் கோளாறு எஞ்சினில் என்றோ கியர் பெட்டியில் என்றோ விவரித்துக்கொண்டிருப்பார். "இருங்க, மொதல்ல உங்க கால்விரிப்பு லாரியை விட்டுச்சான்னு பாப்போம்" என்பார் இவர். விரிப்பின் ஓரம் மடங்கி மிதிக்கு அடியில் சிக்கியிருந்தால், டிரைவர் காலை எடுத்த பிறகும் லாரி அவர் கால் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் பிரேக் பிடிக்காது. அப்படி வந்த பல லாரிகளை ஸ்பேனரே எடுக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஒயர் வேலை பார்ப்பதால் பட்டறையில் எல்லோருக்கும் அவர் ஒயரக்கா. அவரைவிட மூத்தவரான முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுகிறார். மலைப்பாதை முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்தத் தகரக் கூரைப் பட்டறை. கனரக லாரிகள் மட்டும்தான் அங்கே வரும். ஐம்பதை நெருங்கும் வயது அவருக்கு. குள்ளம். லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றால் டயர் அவர் தோளைத் தொடும். கழுத்தில் ஒரு கயிற்றில் டார்ச்சும் இன்னொரு கயிற்றில் மூக்குக்கண்ணாடியும் தொங்கும். குனியும்போது இரண்டும் மோதிக்கொள்கிற சத்தத்தை வைத்தே அவர் எந்த லாரிக்கு அடியில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். எல்லா நகங்களையும் ஒட்ட வெட்டியிருப்பார். இடது கட்டைவிரல் நகம் மட்டும் நீண்டிருக்கும். ஒயரின் மேல்தோலை உரிக்க அதுதான் அவருக்குக் கத்தி. மகளின் கல்யாணப் படத்தில் அந்தக் கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கிறார்.

என்ன ஆயிற்று என்று அவர் டிரைவர்களைக் கேட்பதில்லை. "எங்க விட்டுச்சு?" என்றுதான் கேட்பார். எந்த வளைவு, மழையா வெயிலா, அதற்கு முன்னால் காலால் எவ்வளவு நேரம் பிரேக் மிதித்தீர்கள், என்ன பாரம் என்று அதைத் தொடர்ந்து கேள்விகள் வரும். பாரத்தைப் பற்றி மட்டும் டிரைவர்கள் உண்மை பேசுவது குறைவு. அவர் வேலையைப் பார்க்கப் போய் நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நாள், கொஞ்சமாகத்தான் ஏற்றியிருப்பதாக ஒருவர் சாதித்தார். ஒயரக்கா குனிந்து, வளைவு போய்த் தட்டையாகக் கிடந்த பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கைப் பார்த்தார். "கொஞ்சந்தானா? அப்புறம் ஏன் ஸ்பிரிங் மூஞ்சியில சிரிப்பையே காணோம்?" என்றார். டிரைவர் அதற்குமேல் சாதிக்கவில்லை.

மலையிறங்கும் லாரியைத் தாங்கிப் பிடிப்பது கால் பிரேக் அல்ல. விடாமல் மிதித்தால் பிரேக் டிரம் சூடேறிப் பிடி போய்விடும். அப்புறம் மிதி இருக்கும், பிரேக் இருக்காது. பாரத்தோடு இறங்குகிறவரைக் காப்பாற்றுவது எஞ்சின் பிரேக். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினே லாரியைப் பின்னால் பிடித்து இழுக்கும். கியர் இறங்க இறங்க அந்தப் பிடி இறுகும். பழைய லாரிகளில் டிரைவர் தன் கையால் கியரை இறக்குவார். இப்போது வருகிற லாரிகளில் கிளட்ச் மிதியே கிடையாது. எப்போது இறக்குவது என்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. "அதுக்கு மூளை இருக்கு, கண்ணு கிடையாது. சக்கரத்துலேர்ந்து வர்ற ஒயரு என்ன சொல்லுதோ அதைத்தான் நம்பும்" என்று எனக்கு விளக்கினார் ஒயரக்கா.

இந்தப் படிப்பெல்லாம் அவருக்குப் பிற்பாடு வந்தது. முன்பு விளக்கு, ஹாரன், செல்ஃப் மோட்டார் என்று மேல்வேலைகளைத்தான் செய்துகொண்டிருந்தார். கணவருக்கு நடந்ததற்கு அப்புறம்தான் கியர் பெட்டியின் பக்கம் போனார். அந்தக் கதையை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. லாரிக்கு அடியில் படுத்தபடி, டார்ச்சை வாயில் கவ்வுவதற்கு முன்னால் கொஞ்சம், எடுத்ததற்குப் பின்னால் கொஞ்சம் என்று பல நாட்களில் சொன்னார்.

கணவர் லாரி டிரைவர். வாழ்நாள் முழுக்கக் கையால் கியர் போட்டவர். கம்பெனி புது லாரியைக் கொடுத்த அன்று வீட்டுக்கு வந்து, இனிமேல் இடது காலுக்கு வேலையே இல்லை, அதை மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று நாற்காலியில் ஒற்றைக் காலை மடக்கி உட்கார்ந்து காட்டினாராம். மகளும் ஒயரக்காவும் சிரித்துத் தீரவில்லை. சில மாதங்களில் அவர் பேச்சு மாறிவிட்டது. "பாதி இறக்கத்துல கையை விட்டுடுது" என்று வீட்டில் சொன்னார், கம்பெனியிலும் சொன்னார். லாரியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு எஞ்சினியர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். ஒரு பழுதும் பதிவாகியிருக்கவில்லை. வெறும் வண்டியாக மலையில் ஓட்டிப் பார்த்தார். சொன்னபடி கேட்டு இறங்கியது. மறுபடியும் புகார் சொன்னபோது, கியர் போடாமல் கை அரிக்கிறதா என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அதற்கப்புறம் கணவர் வாயைத் திறக்கவில்லை.

சிமெண்ட் மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அது நடந்தது. பாதி மலையில் எஞ்சின் பிரேக் விட்டது. கியர் இறங்கவில்லை. லாரி வேகமெடுத்த பிறகு கணவர் கையால் கியர் போடும் முறைக்கு மாற்றி இறக்கப் பார்த்தார். அந்த வேகத்தில் இறக்கினால் எஞ்சின் உடையும் என்று கியர் பெட்டி மறுத்துவிட்டது. எஞ்சினைக் காப்பாற்ற அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கால் பிரேக்கில் புகை கிளம்பியது, பிறகு பிடியும் போயிற்று. அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் வரிசையில் கடைசியாக நின்ற வேனின் மேல் லாரி ஏறியது. வேனை ஓட்டியவரும் பக்கத்தில் இருந்த அவருடைய தங்கையும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். கணவருக்கு இடுப்பு எலும்பு நொறுங்கியது.

லாரியில் பழுதில்லை என்றால் பழுது டிரைவரிடம்தான் இருக்க வேண்டும். தூங்கிவிட்டாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், ஸ்டேஷனில் கேட்டார்கள், கோர்ட்டில் கேட்டார்கள். கண் அசந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்றார் வக்கீல். ஒப்புக்கொண்டார். தண்டனையும் குறைந்தது. ஆனால் சிறையிலிருந்து திரும்பி வந்தபோது, தான் தூங்கிவிட்டதை அவரே நம்பத் தொடங்கியிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எந்த வளைவில் கண்ணை மூடினேன் என்று யோசித்துப் பார்ப்பாராம்.

"அந்த மனுஷன் பகல்ல கண்ணசந்து நான் பாத்ததே இல்ல. ஜுரம் வந்தாக்கூட உக்காந்துதான் இருப்பாரு" என்றார் ஒயரக்கா. சொல்லிவிட்டு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டார்.

கணவரின் லாரியைப் பரிசோதித்த எஞ்சினியரைத் தேடிப் போனார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். இவர் போனது கற்றுக்கொள்ள. அந்த எஞ்சினியரும் அந்த விபத்திலிருந்து மீளாதவராகத்தான் இருந்தார். தன் மதிய இடைவேளைகளை ஒயரக்காவுக்குக் கொடுத்தார். கம்ப்யூட்டரை மாட்டவும், எண்களைப் படிக்கவும், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரிக்கவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அவர்மேல் ஒயரக்காவுக்கு வருத்தமில்லை. இருந்ததைத்தானே எழுதினார், இல்லாததை எப்படி எழுதுவார் என்கிறார். ஒரு நாள் அந்த எஞ்சினியர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்: ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால், எஞ்சின் பிரேக்கைக் கம்ப்யூட்டர் தானாகவே விடுவித்துவிடும், கியரையும் இறக்காது. லாரி சறுக்கிக் குறுக்கே திரும்பாமலிருக்க அந்த ஏற்பாடு. அது பாதுகாப்புதானே தவிர, பழுதில்லை. அதனால் பழுதாகப் பதிவாகாது.

கணவர் இறங்கிய அன்று சாலை காய்ந்திருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சு ஒயரக்காவின் மனசில் தங்கிவிட்டது.

எஞ்சின் பிரேக் விடுகிறது என்று வருகிற லாரிகளையெல்லாம் அவர் கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்றில் எஞ்சின் ஆயில் குறைவாக இருந்தது. ஆயிலின் அழுத்தம் இல்லாமல் எஞ்சின் பிரேக் வேலை செய்யாது. இன்னொன்றில் கியர் மாற்றும் காற்றுக் குழாயில் கசிவு. சிலவற்றில் டிரைவருக்கே விஷயம் தெரியவில்லை; பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று மேல் கியரிலேயே இறக்கத்தில் நுழைந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினார். ஆனால் தேடியது எதிலும் கிடைக்கவில்லை. வருஷங்கள் ஓடின. மகள் கல்யாணமாகிப் போனாள்.

அப்புறம் நெட்டை வந்தார். ஜல்லி ஏற்றும் டிரைவர். அவர் உயரத்துக்கு எல்லா லாரியிலும் தலை கூரையில் இடிப்பதால் அந்தப் பெயர். கணவர் ஓட்டிய அதே ரக லாரி. எங்கே விட்டது என்று ஒயரக்கா கேட்டதும், "பாதி இறக்கத்துல கையை விட்டுடுதுக்கா" என்றார் நெட்டை. கணவரின் அதே வார்த்தைகள். வெறும் வண்டியில் விடுவதில்லை, பாரம் இருந்தால்தான். அதுவும் பிரேக் நன்றாகச் சூடேறிய பிறகு, இடதுபுறம் திரும்பும் வளைவுகளில்தான் என்றும் சொன்னார். ஒயரக்கா ஒரு நிமிஷம் லாரியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றதாகப் பட்டறையில் சொல்கிறார்கள்.

பாரத்தை இறக்காமல் அப்படியே மலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். முதலாளி மறுத்தார். ஏதாவது ஆகிவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். அப்படியானால் நான் பயணியாகப் போகிறேன், வழியில் கை காட்டினால் லாரிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மாட்டார்களா என்றார் இவர். கடைசியில் முதலாளி, மெதுவாகப் போங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

உச்சியிலேயே நெட்டையைக் கையால் கியர் போடும் முறைக்கு மாற்றவைத்தார். நடந்து வருகிற வேகத்தில், கீழ்க் கியரில், இறங்கத் தொடங்கினார்கள். எது விட்டாலும் கால் பிரேக் தாங்குகிற வேகம் அது. பிரேக்குக்குச் சூடேறட்டும் என்று நடுநடுவே மிதிக்கச் சொன்னார். மடியில், லாரியோடு மாட்டிய பரிசோதனைக் கம்ப்யூட்டர். சக்கரங்களின் வேகம் ஒவ்வொன்றும் ஓர் எண்ணாக அதில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. இடது வளைவு ஒன்றில், பின்பக்கத்து வலது சக்கரத்தின் எண் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து, மறுபடி எழுந்தது. அதே நொடியில் எஞ்சின் பிரேக்கின் விளக்கு அணைந்தது. லாரி முன்னால் துள்ளியது. நெட்டை பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினார். அவருக்கு வியர்த்துவிட்டது. ஒயரக்கா இறங்கி நேராக அந்தச் சக்கரத்திடம் போனார்.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே பேரிங் சற்றே தளர்ந்திருந்தது. கையால் ஆட்டினால் தெரியாது. கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினால் மட்டும் தெரியும். பாரமும் சூடும் சேர்ந்து வளைவில் சாயும்போது, சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கிற சென்சாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. சென்சாருக்குச் சக்கரம் தெரியவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது என்று நம்பிய கம்ப்யூட்டர், சொல்லிக் கொடுத்தபடி எஞ்சின் பிரேக்கை விட்டது, கியரையும் பிடித்துவைத்துக்கொண்டது. அது செய்ததில் தப்பே இல்லை. அதனால்தான் எதுவும் எழுதிவைக்கவில்லை.

அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். "அதைக் கேக்காதீங்க" என்றார்.

கட்டைவிரல் அளவே இருந்த அந்தச் சென்சாரை வீட்டுக்கு எடுத்துப் போனார். கணவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். வீட்டுச் சமையல் அவருடையது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவரின் முன்னால் அதை வைத்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். கணவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் சென்சாரை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"நான்தான் பண்ணேன்னு நெனச்சா எப்படியோ தூக்கம் வருது. அதையும் எடுத்துட்டீன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது? இந்த ஒயரையா?"

சென்சாரை ஒயரக்காவின் பக்கம் தள்ளிவிட்டுக் கணவரே மறுபடி சொன்னார். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

வக்கீலிடம் கேட்டதற்கு, பழைய லாரி எப்போதோ இரும்பாக உருகிவிட்டது, ஒரு லாரியின் பழுதை வைத்து இன்னொரு லாரியின் மேல் வழக்கு நடத்த முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் சொல்ல வேண்டிய இடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. இறந்துபோன வேன் டிரைவரின் மனைவி ஒரு தையற்கூடத்தில் வேலை செய்கிறார். ஒயரக்கா அங்கே போய், தான் யாருடைய மனைவி என்பதை முதலில் சொன்னார். அந்தப் பெண்மணி எழுந்திருக்கவில்லை, போகவும் சொல்லவில்லை. தைத்துக்கொண்டே கேட்டார். பேரிங் என்ற இடத்தில் மெஷினை நிறுத்தினார். முழுசாகக் கேட்டு முடித்ததும், மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

"அதே மாதிரி லாரி இன்னும் எத்தனை ஓடுது?"

தனக்குத் தெரியாது என்றார் ஒயரக்கா.

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி மெஷினை மிதித்தார்.

அன்றிலிருந்து அந்த ரக லாரி எந்த வேலைக்குப் பட்டறைக்கு வந்தாலும், ஹாரன் மாற்ற வந்தால்கூட, பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கடப்பாரையால் நெம்பிப் பார்க்காமல் விடுவதில்லை. டிரைவர்கள் முனகுகிறார்கள். முதலாளி ஆரம்பத்தில் சத்தம் போட்டார். இப்போது அந்த நேரத்தில் வேறு பக்கம் போய்விடுகிறார். இரண்டு போக்குவரத்துக் கம்பெனிகள் தங்கள் லாரிகளை வேறு பட்டறைக்கு அனுப்புகின்றன. தளர்ந்த பேரிங்குகள் கிடைக்கத்தான் செய்கின்றன. நான் இருந்தபோதே ஒன்று கிடைத்தது. சரக்கு தாமதமாகிறது என்று அந்தக் கம்பெனியின் ஆள் வந்து கத்தினார். புருஷன் செய்ததை மறைக்க ஊரில் உள்ள லாரியையெல்லாம் இந்த அம்மா கழற்றிப் போடுகிறாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சக்கரத்தை மாட்டச் சொல்லி, சரிசெய்யாமலே லாரியை எடுத்துப் போனார். ஒயரக்கா மாட்டிக் கொடுத்தார். கொடுத்த கையோடு, டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, உச்சியிலேயே கையால் கீழ்க் கியருக்கு மாற்றிக்கொள், பெட்டி இறக்கும் என்று காத்திருக்காதே, வேகம் வந்தபிறகு அது உன் பேச்சைக் கேட்காது என்று சொன்னார். அந்தப் பையனைத் திருப்பிச் சொல்லவைத்தார். லாரி ஏற்றத்தில் மறைந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுத்த லாரிக்குப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பாராம். "இன்னைக்கு இருந்துச்சா?" இருந்தது என்றால் தலையாட்டுவார். இல்லை என்றாலும் தலையாட்டுவார். அந்த விஷயத்தைப் பற்றி அவர்களுக்குள் இப்போது இருக்கிற பேச்சு இவ்வளவுதான்.

நான் கிளம்புகிற அன்று எதிரிலுள்ள கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மகளுக்குப் பிறந்திருக்கும் குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு இப்போதே தாத்தாவின் மூக்கு வந்துவிட்டதாம். பாவம், அந்த மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறதோ என்று சிரித்தார். சாலையோரத்தில் பஸ்ஸுக்காகச் சிலர் நின்றிருந்தார்கள். மலையிலிருந்து ஒரு லாரி இறங்கும் சத்தம் கேட்டது, எஞ்சின் பிரேக்கின் அந்தக் கடகடப்பு. கியர் இறங்கும்போது ஒரு கணம் தாழ்ந்து, மேலும் உரக்க ஒலிக்கும். எனக்கு அது வெறும் இரைச்சல். பேச்சுக்கு நடுவே அந்த இரைச்சல் நின்றதையும் நான் கவனிக்கவில்லை.

ஒயரக்கா வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். கையிலிருந்த கிளாஸை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. சாலையைக் கடந்து போய், நின்றவர்களை ஒவ்வொருவராகச் சட்டையைப் பிடித்துச் சுவரோரம் தள்ளினார். ஒரு பெண்ணின் பெட்டியைத் தானே தூக்கி உள்ளே வைத்தார். என்னம்மா இது என்று ஒருவர் கோபப்பட்டார். இவர் பதில் சொல்லாமல் அவர் மார்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். லாரி கடைசி வளைவைத் திரும்பி, சாதாரண வேகத்தில் எங்களைக் கடந்து போனது. பின்சக்கரங்கள் தாண்டிப் போகும்வரை அந்தக் கை அவர் மார்பிலிருந்து இறங்கவில்லை.